மூன்று மில்லி ஏறிய ஒன்பது பேர்

"எங்க பலகை மேலே ஏறியிருக்கு" என்றாள் வந்தவள்.

கொசுறு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடியே கேட்டான். "எவ்வளவு மேலே? மொட்டை மாடிக்கா?"

"மூணு மில்லிமீட்டர்."

பிஸ்கட் ஒடிந்து தேநீருக்குள் விழுந்தது. புருஷனைக் காணோம், மோதிரத்தைக் காணோம், பூனையைக் காணோம் என்று வந்தவர்களை அவன் பார்த்திருக்கிறான். மூன்று மில்லிமீட்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தவள் இவள்தான் முதல்.

கொசுறு என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இந்த அறையை முழக்கோல் வாடகைக்கு எடுத்தபோது, முன்பு இருந்தவர் ஒரு இறக்கை ஒடிந்த மின்விசிறியையும், பூட்டாத பீரோவையும், முப்பத்தாறு வயதான இவனையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். "இவன் கொசுறு, வச்சுக்குங்க" என்றார் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

முழக்கோலும் ஊர் வைத்த பெயர்தான். பாலங்களுக்கு அடியில் வைக்கும் ரப்பர் மெத்தைகளைப் பதினான்கு வருடம் ஒரு சோதனைக்கூடத்தில் நசுக்கியும் இழுத்தும் பார்த்துவிட்டு, அலுத்துப்போய், மனிதர்களைச் சோதிக்கத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பெண்மணி. கைப்பையில் சீப்பு இருக்காது, இரும்பு அளவுகோல் இருக்கும்.

மூன்று மில்லி என்றதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்லேருந்து சொல்லும்மா."

அவள் ஒரு காட்சிக்கூடத்தில் பராமரிப்பு அதிகாரி. அங்கே பெரிய கூடத்தின் சுவரில் ஒரு வெண்கலப் புடைப்புப் பலகை. ஒரே படகில் ஒன்பது பேர் துடுப்புப் போடும் காட்சி. அதனால் பலகைக்கே 'ஒன்பது பேர்' என்று பெயர். எடை நூற்றிருபது கிலோ. கட்டடத்துக்குப் பின்னால் ரயில் பாதை. அதிர்வு பலகைக்குப் போகாமல் இருக்க, நான்கு வருடத்துக்கு முன்னால் அவளே நின்று அதை இரண்டு ரப்பர்க் கட்டிகளில் தொங்கவிட்டாள்.

"சுவர்ல ஒரு இரும்புத் தகடு. அதுமேல ரப்பர்க் கட்டி ஒட்டியிருக்கு. ரப்பரோட அந்தப் பக்கம் இன்னொரு தகடு. பலகை தொங்கறது அந்த வெளித் தகட்டுல. பாரம் இல்லாதப்போ ரெண்டு தகட்டோட மேல் விளிம்பும் ஒரே மட்டம். பலகையை மாட்டினதும் வெளித் தகடு கொஞ்சம் இறங்கி ஒரு படி மாதிரி நிக்கும். அந்தப் படியை வாரா வாரம் அளந்து எழுதறேன். நாலு வருஷமா ஆறு மில்லி."

"இப்போ?"

"மூணு. போன மாசம் கூடத்துக்கு வெள்ளையடிச்சாங்க. பலகையை இறக்கி ஒன்பது நாள் கிடங்குல வச்சுட்டு மறுபடி மாட்டியிருக்காங்க. அம்மாவுக்கு ஆபரேஷன்னு நான் லீவுல இருந்தேன். வந்து பாத்தா மூணு."

கொசுறு தேநீரிலிருந்து பிஸ்கட்டைக் கரண்டியால் மீட்டுக்கொண்டிருந்தான். "மேடம், எனக்கும் கொஞ்சம் புரியற மாதிரி யாராவது சொன்னா தேவலை."

முழக்கோல் மேசையில் இருந்த முகவரிச் சீட்டுக் கட்டை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்தார். இடது கையை அசைக்காமல் வலது கையை மட்டும் கீழே இறக்கினார். நேராக நின்ற கட்டு சாய்வாகச் சரிந்தது.

"ஒவ்வொரு சீட்டும் பக்கத்துச் சீட்டை விடக் கொஞ்சம் சறுக்குது பார். தடிமன்ல ஒரு மில்லிக்கு எவ்வளவு சறுக்கல்ங்கறதைத்தான் சறுக்குத் திரிபுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அதை மொத்தத் தடிமனோட பெருக்கினா, கடைசிச் சீட்டு எவ்வளவு இடம் மாறிச்சுன்னு வந்துடும். ரப்பர் எவ்வளவு தடிமன்மா?"

"அறுபது மில்லி."

"ஆறு மில்லி இறங்கினா, பத்துல ஒரு பங்கு சறுக்கல். மூணு மில்லின்னா இருபதுல ஒரு பங்கு. பாதி. ரப்பர் அதே ரப்பர்னா, பாரமும் பாதி."

கொசுறு யோசித்தான். "அப்போ ஒன்பது பேர்ல நாலரை பேர் படகை விட்டு இறங்கிட்டாங்க."

"இல்லன்னா ஒன்பது பேருமே வேற ஆளுங்க" என்றார் முழக்கோல்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. அவளும் அதைத்தான் நினைத்திருக்கிறாள், வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை என்று கொசுறுக்குத் தோன்றியது.

"இயக்குநர்கிட்ட சொன்னேன். ரப்பர் பழசாகி இறுகிப்போச்சு, அதான் இறங்கலை, நோட்டுல ஒண்ணும் எழுதாதேன்னுட்டார். நாளைக்குப் பலகை போலின்னு யாராவது கண்டுபிடிச்சா முதல்ல என் கழுத்துக்குத்தான் கயிறு. பொறுப்புப் பத்திரத்துல கையெழுத்து என்னுது."

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"இயக்குநர் மேல. இல்லன்னா கப்பி மேல. பாரம் தூக்கற மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம். இறக்கினது ஏத்தினது ரெண்டும் அவர்தான்."

"கிடங்குச் சாவி?"

அவள் தயங்கினாள். "காவல் தலைவர்கிட்ட. ஆனா அவர் என் சித்தப்பா. அப்பாவோட கூடப்பிறந்தவர். அப்பா போனப்புறம் எங்களைத் தாங்கினவர். இந்த விஷயத்துல எனக்காக இயக்குநர்கிட்ட வாதாடின ஒரே ஆளும் அவர்தான். அவரை மட்டும் விட்டுடுங்க."

"நான் பிடிக்கற ஆளும் இல்ல, விடற ஆளும் இல்லம்மா. அளக்கற ஆள்" என்று எழுந்தார் முழக்கோல். "உங்க நோட்டை என்கிட்ட குடுங்க. அந்த ஆறுங்கற எண் வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஏறியிருக்குன்னு மட்டும்தான் சொன்னேன். எண்ணைக் கேக்கற அளவுக்கு யாருக்கும் பொறுமை இல்ல."

"இனியும் சொல்லாதீங்க. சித்தப்பாகிட்டயும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டை நீட்டினாள்.

போகும் வழியில் மருந்துக் கடை வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் நின்றது. முழக்கோல் ஒரு நாணயத்தைக் கொசுறிடம் கொடுத்து ஏறச் சொன்னார். அறுபது கிலோ என்று சீட்டு வந்தது. பின்பக்கத்தில் பலன்: 'பிறர் பாரத்தைச் சுமந்து புகழடைவீர்கள்.'

"இதுக்கு மெஷின் வேணுமா மேடம்? உங்ககிட்ட சேந்த அன்னைக்கே தெரியுமே" என்றான் அவன்.

அன்று காட்சிக்கூடத்தில் பார்வையாளர்களுக்கு மட்டும் வார விடுமுறை. காவல் தலைவர் வாசலிலேயே நின்று கதவைத் திறந்துவிட்டார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சீருடை, இடுப்பில் கொத்துச் சாவி. "நல்லாப் பாருங்கம்மா. எங்க பொண்ணு பொய் சொல்ற ஜாதி இல்ல. அவ ஏறியிருக்குன்னா ஏறித்தான் இருக்கும்" என்றார். கொசுறுக்கு அந்த மனிதரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டார்கள். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. சுவரில் ஒன்பது பேரும் தோள் புடைக்கத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொசுறு கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். போலி என்றால் அற்புதமான போலி.

முழக்கோல் பலகையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தகடுகளுக்கு நடுவில் அளவுகோலை வைத்தார்.

"மூணு. சரி. இப்போ இயக்குநர் சொல்றதும் உண்மையா இருக்கலாம். ரப்பர் ரெண்டு மடங்கு இறுகியிருந்தா, நூத்திருபது கிலோவுக்கும் மூணுதான் இறங்கும். அதைத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. கொசுறு, ஏறு."

"எங்கே?"

"வெளித் தகட்டுல கயிறு கட்டிப் பலகைக்குக் கீழே ஒரு கட்டையைத் தொங்கவிட்டிருக்கேன். ஊஞ்சல் மாதிரி உக்காரு. பலகை மேல கை பட்டா உன் சம்பளத்துல கை வைப்பேன்."

கொசுறு ஏறி உட்கார்ந்தான். கால்கள் தரையை விட்டு எழும்பின. படகில் பத்தாவது ஆளாகத் தன்னைச் சேர்த்துக்கொண்டதுபோல் இருந்தது. பின்னால் ஒரு ரயில் போயிற்று. கட்டடம் உறுமியது, அவனுக்குக் கீழே கட்டை மட்டும் மெத்தென்று அசைந்து நின்றது.

"மேடம், சீக்கிரம். நான் கலைப்பொருள் ஆகிட்டு வரேன்."

முழக்கோல் ஏணி மேலே அளவுகோலை மறுபடி வைத்துப் பார்த்தார். "ஆறு."

"அப்படின்னா?"

"உன் அறுபது கிலோவுக்கு மூணு மில்லி இறங்கியிருக்கு. இறுகின ரப்பரா இருந்தா ஒன்றரைதான் இறங்கியிருக்கும். ரப்பருக்கு ஒரு குறையும் இல்ல. இறங்கு. பலகையோட எடை இப்போ உன் எடைதான்."

அந்தப் பெண் சுவரோரம் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நிஜமாவே போயிடுச்சு" என்றாள்.

"போயிடுச்சா, உள்ளேயே எங்கேயாவது இருக்கான்னு தெரியாது. நூத்திருபது கிலோவைக் கைப்பையில போட்டுட்டுப் போக முடியாது. வாசல்ல காவல் இருக்கு." முழக்கோல் கயிற்றைச் சுருட்டினார். "இப்பவே போலின்னு கூச்சல் போட்டா, எடுத்தவன் உஷாராயிடுவான். பழி உங்க மேல நிக்கும். ஒரு நாள் பொறுங்க."

முதலில் இயக்குநர். இவர்கள் உள்ளே நுழைந்ததும் ஒரு காகிதத்தை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார். குளிரூட்டிய அறையிலும் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"பலகையை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு தடவை இறக்கி ஏத்தினதே போதும்" என்றார்.

"இறக்க வேண்டாம் சார். நாளைக்குப் பத்து மணிக்கு அறக்கட்டளைத் தலைவி முன்னாடி படியை மட்டும் அளப்போம். ரெண்டு நாளா மழை. குளிருக்கு ரப்பர் விறைச்சிருக்கலாம். வெயில் வந்தா தானா இறங்கினாலும் இறங்கும். பழைய அளவு வந்துட்டா ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு நான் போயிடறேன். வரலைன்னா தராசு."

குளிருக்கு விறைத்த ரப்பரா? சற்றுமுன் அறுபது கிலோவோடு அதில் ஆடிவிட்டு வந்தவன் கொசுறு. வாயை மூடிக்கொண்டான்.

"பழைய அளவு என்ன?" என்றார் இயக்குநர்.

"ஏழு மில்லி" என்றார் முழக்கோல், கண் இமைக்காமல்.

கொசுறு தொண்டையைச் செருமினான். "மேடம், அது..." மேசைக்கு அடியில் ஒரு செருப்புக் குதிகால் அவன் கட்டைவிரலைக் கண்டுபிடித்தது. "அது... ரொம்ப நல்ல எண்" என்று முடித்தான்.

அடுத்தது கப்பி. பின்கட்டுக் கொட்டகையில் சங்கிலிகளை அவசர அவசரமாகப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு.

"இறக்கினப்போ இருந்த கனம் ஏத்தினப்போ இருந்துச்சா மேஸ்திரி?"

"பொத்தானை அமுக்கினா மோட்டார் தூக்குது. அமுக்கற விரலுக்குக் கனம் எங்கே தெரியும்?" அவர் நிமிரவே இல்லை. "போர்வை போத்திக் கட்டி வச்சிருந்தாங்க. மாட்டினேன், பிரிச்சேன், வந்துட்டேன்."

"அவசரமா கிளம்பறீங்க போலிருக்கு."

"அவசரம் இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வருவானா?"

அவரிடமும் பத்து மணிக் கதையும் மழைக் கதையும். பழைய அளவு மட்டும் இந்தத் தடவை எட்டு மில்லி. கொசுறு தன் கால்களை முன்கூட்டியே பின்னால் இழுத்துக்கொண்டான். ஐம்பது வயதுக்குள்ளேயே மேடத்துக்கு ஞாபகம் பிசகுகிறதே என்று அவனுக்குக் கவலையாகக்கூட இருந்தது.

கடைசியாகக் காவல் தலைவர். வாசல் கூண்டில் இருவருக்கும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அந்த இயக்குநரை நல்லா விசாரிங்கம்மா. வெள்ளையடிக்கணும்னு திடீர்னு ஆரம்பிச்சது அவர்தான். என் அண்ணன் பொண்ணு கண்ணு கலங்கி நிக்கறதைப் பாக்க முடியல."

"விசாரிக்கறேன். மழைக்கு ரப்பர் விறைச்சிருக்கலாம், நாளைக்குப் பத்து மணிக்கு அளக்கறப்போ அளவு சரியா வந்துட்டா அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. பழைய அளவு அஞ்சு மில்லி."

"அஞ்சா." அவர் மீசையைத் தடவினார். "அதை எங்கேம்மா வச்சு அளப்பீங்க?"

முழக்கோல் ஒரு தாளில் இரண்டு தகடுகளையும் நடுவில் ரப்பரையும் வரைந்து காட்டினார். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நமக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் கொசுறு பொறுக்கமாட்டாமல் கேட்டான். "ஏழு, எட்டு, அஞ்சு. உண்மையான ஆறு மட்டும் யாருக்கும் கிடைக்கல. இது என்ன மேடம், ஏலமா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நீங்க சொல்றதுக்குள்ள எனக்கு மண்டை சறுக்கிடும்."

மறுநாள் நல்ல வெயில். பத்து மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அறக்கட்டளைத் தலைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தார். "என் நேரத்தை வீணடிக்க மாட்டீங்கன்னு நம்பறேன்" என்று முழக்கோலிடம் சொன்னபோதே அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. இயக்குநர் அவர் காதில் ஏதோ முணுமுணுத்தார். அந்தப் பெண் சித்தப்பாவின் பக்கத்தில் நின்றாள். அவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இயக்குநர் தலைவி முன்னால் வந்தார். "மேடம், இந்தப் பொண்ணு சொல்றதை நம்பி வெளியாளைக் கூட்டிட்டு வந்து கூடத்தோட மானம் போகுது. இன்னைக்கு எல்லாம் சரியா இருந்தா, இவ ராஜினாமாவை நான் வாங்கிக்கணும்."

"முதல்ல அளக்கட்டும்" என்றார் தலைவி.

முழக்கோல் அளவுகோலைக் கொசுறிடம் நீட்டினார். அவன் ஏணியில் ஏறினான். நேற்று இதே இடத்தில் மூன்று. அவன் அளவுகோலை வைத்தான். எடுத்தான். துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

மூன்று இல்லை. பலகை இறங்கியிருந்தது.

"என்னப்பா, எண்ணத் தெரியலையா?" என்றார் இயக்குநர்.

"அஞ்சு" என்றான் கொசுறு. "அஞ்சு மில்லி."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நேற்று அவள் கண்ணெதிரே மூன்று. நாலு வருட நோட்டில் ஆறு. இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அப்பாடா" என்றார் காவல் தலைவர் உரக்க. "அதான் சரியா வந்துடுச்சே. மழைக்கு விறைச்சுக்கிட்டது வெயிலுக்கு இறங்கிடுச்சு. விட்டுடுங்கம்மா, பிரச்சினை முடிஞ்சுது."

"என்ன சரியா வந்துடுச்சு?" இயக்குநர் சீறினார். "ஏழுல்ல வரணும்? பழைய அளவு ஏழுன்னு இந்த அம்மாதானே சொன்னாங்க?"

"ஏழா?" என்று கப்பி கதவோரத்திலிருந்து கேட்டார். "என்கிட்ட எட்டுன்னாங்களே."

கொசுறு ஏணியின் உச்சியிலிருந்து எல்லாத் தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றன்பின் ஒன்றாக அவை ஒரே பக்கம் திரும்பின. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மேடத்தின் ஞாபகத்தில் பிசகில்லை.

முழக்கோல் குரலை உயர்த்தவில்லை. "உண்மையான பழைய அளவு ஆறு. அது இந்தப் பொண்ணோட நோட்டுல மட்டும்தான் இருந்துச்சு. நேத்து மத்தியானம் நானும் இவங்களும் அளந்தப்போ மூணு. ரப்பர் வெயிலுக்கும் மழைக்கும் இவ்வளவு ஆட்டம் ஆடாது. அது கதை. பாரத்தைக் கூட்டினாத்தான் இறங்கும். நேத்துச் சாயந்திரத்துக்கும் இன்னைக்குக் காலைக்கும் நடுவுல யாரோ பாரம் கூட்டியிருக்காங்க. எவ்வளவு இறங்கினா போதும்னு அவங்களுக்கு ஒரு எண் தெரிஞ்சிருக்கணும். மூணு பேருக்கு மூணு எண் குடுத்தேன். அஞ்சுங்கற எண்ணை ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

தலைவியின் கைத்தடி தரையில் ஒரு தடவை தட்டியது. "பலகைக்குப் பின்னாடி பாருங்க."

கப்பிதான் போனார். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினார். கீழ்விளிம்பின் உள்பக்கத்திலிருந்து ஈயக் கட்டி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு இன்னொன்று. எட்டுக் கட்டிகள், ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. ஜன்னல் திரைகளுக்குப் பாரம் கட்ட வாங்கி மிச்சமானவை என்றும், காவல் கூண்டின் பின்னால் அடுக்கியிருந்தவை என்றும் அவரே சொன்னார். ஏணியிலிருந்து கொசுறு மறுபடி அளந்தான்.

"மூணு" என்றான். வேடிக்கையாக எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை.

அந்தப் பெண் இன்னும் சித்தப்பாவின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நகரக்கூட மறந்துவிட்டாள் போலிருந்தது.

"இயக்குநர்தானே, சித்தப்பா?" என்றாள். "அவர் சொல்லி வச்சீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் பார்க்க அவர் திடீரென்று வேறு ஆளாகத் தெரிந்தார்.

"நான் இல்லப்பா" என்றார் இயக்குநர், யாரும் கேட்காமலே. "நான் வேற இடத்துக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதிட்டிருந்தேன், அவ்வளவுதான்." சொன்ன பிறகுதான் பக்கத்தில் தலைவி இருப்பது அவர் நினைவுக்கு வந்தது.

"நிஜப் பலகை எங்கே?" என்று கேட்டார் முழக்கோல்.

காவல் தலைவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கிடங்குலதான் இருக்கு. சாரம் கட்டின மரங்களுக்கு அடியில. சனிக்கிழமை மரத்தை எடுக்க வண்டி வரும். அதோட போறதா இருந்துச்சு. அடுத்த மாசம் எனக்கு வேலை முடியுது. ஒருத்தன் வந்தான், அச்சு எடுத்து அதே மாதிரி செஞ்சு தரேன், ஒரு வித்தியாசமும் தெரியாதுன்னான். தெரியலையே. எத்தனை பேர் வந்து பாத்தாங்க. யாருக்கும் தெரியலையே."

"பழி யார் மேல விழும்னு யோசிச்சீங்களா?"

"யாருக்கும் தெரியாதப்போ பழி எங்கேருந்து வரும்னு நெனச்சேன்." அவர் முதல் தடவையாக அண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தார். "மூணு மில்லிம்மா. நகக்கண் அளவுகூட இல்ல. அதைப் போய் யாரு பாப்பாங்க?"

"நான்தான் பாப்பேன், சித்தப்பா" என்றாள் அவள். குரல் உடையாமல் இருக்க மெதுவாகப் பேசினாள். "அதுதான் என் வேலை. இந்த வேலையை எனக்கு வாங்கிக் குடுத்ததே நீங்கதானே."

அவர் இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றினார். அவள் கையில் கொடுக்க நீட்டிவிட்டு, என்ன நினைத்தாரோ, பக்கத்தில் இருந்த முக்காலியின் மேல் வைத்தார்.

கிடங்கில் மரங்களைப் புரட்ட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். போர்வையைப் பிரித்ததும் கப்பி ஒரு மூலையைக் கையால் தூக்கிப் பார்த்து, "இது கனம்" என்றார், யாருக்கோ பதில் சொல்வதுபோல். காவல்துறை வண்டி வந்தது. தலைவி முழக்கோலிடம் கை கொடுத்தார். இயக்குநரை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

கொசுறு அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு போனபோது, அவள் வெளி வராந்தாவில் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். போலீஸ்காரர்களே சித்தப்பா வீட்டுக்குத் தகவல் சொல்வதாகச் சொன்னார்களாம். வேண்டாம் என்றிருக்கிறாள்.

"நான் வேணா பேசட்டுமா?" என்றான் கொசுறு. அவனிடமிருந்து வேடிக்கை கலக்காமல் வந்த ஒரு கேள்வி.

அவள் தலையசைத்து மறுத்தாள். எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் போலும், ஒரு பெண்குரல் உற்சாகமாக ஏதோ சொல்வது அவனுக்கும் கேட்டது.

"சித்தி" என்றாள் அவள். "சாப்பிட்டாச்சா?"

கொசுறு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பின்னால் போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் நகர்ந்துபோனான்.